நம்பாதவருக்கும் ஆறுதல் உண்டு: உடம்பு எப்படி அமைதியாகிறது?

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் ஜெபமாலை சொல்லும் வீடுகள் நிறைய. 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலரை மதித்து, சாமியே கும்பிடாமல் வளர்ந்தவர்களும் இங்கே உண்டு. துக்கம் அழுத்தும்போது அவர்கள் யாரிடம் போவார்கள்? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெபம் தரும் அமைதியில் ஒரு பங்கு உடம்பிலேயே உருவாகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 23 பேரிடம் இதை அளந்து பார்த்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் சரி, 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் சரி, மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. சாதாரணமாக நாம் 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம்.

6 என்ற எண்ணில் என்ன இருக்கிறது? நம் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணரிகள் அதைக் கவனித்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, அது வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை நிதானப்படுத்துகிறது. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்று என்று வந்தால், சரியான நேரத்தில் தள்ளிய ஊஞ்சல் போல அந்த அலை பெரிதாகிறது, இதயத்தின் கட்டுப்பாடும் கூர்மையாகிறது. இதற்கு நம்பிக்கை தேவையில்லை. தூக்கம் வராத இரவில் 5 விநாடி இழுத்து, 5 விநாடி விட்டுப் பாருங்கள்.

ஆனால் மூச்சு மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வேண்டும். 2006இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் குழு, திருமணமான 16 பெண்களை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, சின்ன மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதே மூளையின் பதற்றம் ஓரளவு அடங்கியது. கணவர் பிடித்தபோது இன்னும் நன்றாக அடங்கியது. அதிலும் அன்பாக வாழ்ந்தவர்களிடம் பலன் அதிகம். ஆபத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்றால் மூளை தன் காவலைத் தளர்த்திக்கொள்கிறது என்பது கோனின் விளக்கம். அன்பைத் தேடுவது மனபலவீனம் என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்புறம், பாட்டு. சேர்ந்து பாடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடுவதை பிரிட்டன் ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். உடலே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி கானா பாடும்போது சுற்றியிருப்பவர்கள் கைதட்டிப் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். அங்கே யாரும் உங்கள் சாமியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு சாவு விழ வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் சும்மாவே கூடிப் பாடினால், அதே எண்டார்ஃபின் அங்கேயும் சுரக்கும்.