மெஷின் நின்றதா, நிறுத்தப்பட்டதா?

போன மாதம் ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். டீ இடைவேளையில் ஒரு தம்பி தனக்கு வந்த மெமோவை நீட்டினார். இரவு ஷிஃப்டில் பிரஸ் மெஷின் தானாக நின்றுபோயிருக்கிறது. லாக் புக்கில் அவர் எழுதியது இது: "த மெஷின் வாஸ் ஸ்டாப்ட் அட் டூ தர்ட்டி." காலையில் வந்த மேனேஜர் அதைப் படித்துவிட்டு, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று விளக்கம் கேட்டிருக்கிறார். தம்பி எழுதி வைத்திருந்த பதில் அதைவிட மோசம்: "த மெஷின் வாஸ் ஸ்டாப்ட் இட்செல்ஃப். ஐ வாஸ் இன்ஃபார்ம்ட் மெயின்டனன்ஸ்." நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை.

மெயின்டனன்ஸுக்குத் தகவல் சொன்னவர் இவர். படிப்பவருக்கோ, இவருக்குத்தான் யாரோ தகவல் சொன்னதாகத் தெரியும். அதாவது, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர், செய்யவில்லை என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட இருந்தார்.

இதே மாதிரி பேப்பர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தவறு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: "வாஸ் போட்டால் இறந்த காலம்." இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. 'ஸ்டாப்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே இறந்த காலம் வந்துவிட்டது. "த மெஷின் ஸ்டாப்ட்" என்றால் மெஷின் நின்றது, வேலை முடிந்தது. 'வாஸ்' தனியாக வந்தால் 'இருந்தது': "ஐ வாஸ் இன் த கேன்டீன்." பின்னால் 'இங்' வந்தால் 'செய்துகொண்டிருந்தது': "ஐ வாஸ் செக்கிங்." பின்னால் நீங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த வி-3 வந்தால் அது செயப்பாட்டுவினை, அதாவது பாசிவ். அங்கே 'வாஸ்' காலத்தை மட்டும் காட்டுவதில்லை, ஆளையும் மாற்றிவிடுகிறது. "ஐ கால்ட்" என்றால் நான் கூப்பிட்டேன். "ஐ வாஸ் கால்ட்" என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். "ஐ டிரெய்ன்ட் டென் ஆபரேட்டர்ஸ்" என்று பயோடேட்டாவில் எழுதினால் நீங்கள் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். நடுவில் ஒரு 'வாஸ்' நுழைந்தால், நீங்கள் யாரிடமோ பயிற்சி எடுத்தவர், கடைசியில் அந்தப் பத்துப் பேர் எதற்கு வந்தார்கள் என்றே தெரியாது.

"ஐ ஆம் கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ" என்பதும் இதே குடும்பம்தான். 'முடிச்சிருக்கேன்' என்பதில் உள்ள 'இருக்கேன்' அப்படியே 'ஆம்' ஆகிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வருடம் சொல்கிறீர்களா? "ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2021." வருடம் சொல்லவில்லையா? "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்." 'ஆம்' எந்தப் பக்கத்திலும் வராது.

உடனே ஒரு கேள்வி வரும்: "அர்த்தம் புரியுதுல்ல சார்?" எனக்குப் புரியும், ஏனென்றால் நானும் தமிழில் யோசிக்கிற ஆள். வெளிநாட்டுக் கஸ்டமரின் ஆடிட்டருக்கு, எழுதியது எதுவோ அதுதான் புரியும்.

பள்ளிக்கூடத்தின் பங்கும் இதில் இருக்கிறது. ராமன் மாம்பழம் சாப்பிட்டதை, மாம்பழம் ராமனால் சாப்பிடப்பட்டதாக மாற்றச் சொல்லி மதிப்பெண் கொடுத்தார்கள். எதற்காக மாற்றுகிறோம் என்று சொல்லவில்லை. எதை மாற்ற முடியாது என்றும் அழுத்திச் சொல்லவில்லை. செயப்படுபொருள் இல்லாத வினையைச் செயப்பாட்டுவினை ஆக்க முடியாது. ஹாப்பன், அக்கர், அரைவ், டிஸப்பியர் எல்லாம் அந்த வகை. "த ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்" என்ற வாக்கியம் ஆங்கிலத்திலேயே கிடையாது. விபத்து நடந்தது, அவ்வளவுதான்: "த ஆக்சிடென்ட் ஹாப்பன்ட்." தமிழில் யாராவது 'விபத்து நடக்கப்பட்டது' என்று எழுதுவார்களா?

தொழிற்சாலையில் அதிகம் மாட்டிவிடுவது இன்னொரு கூட்டம்: ஸ்டாப், பிரேக், ஓப்பன், டிரிப். தமிழில் நின்றது, நிறுத்தினான் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லே வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். "த ஷாஃப்ட் புரோக்" என்றால் உடைந்தது. "த ஷாஃப்ட் வாஸ் புரோக்கன்" என்றால், இடத்தைப் பொறுத்து, உடைந்து கிடந்தது அல்லது யாரோ உடைத்தார்கள். "த பிரேக்கர் டிரிப்ட்" என்று எழுதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் தானாக விழுந்தது. 'வாஸ்' சேர்த்தால், யார் கை வைத்தது என்ற கேள்வி வரத்தான் செய்யும். (இலக்கணப் பிரியர்களுக்கு மட்டும்: 'செயப்படுபொருளைச் செய்தது போல' சொல்வதும் வழக்குதான் என்கிறது தொல்காப்பியம்; உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று', திண்ணையே மெழுகிக்கொண்டதுபோல. கதவு தானே திறந்துகொண்டதுபோல ஆங்கிலேயன் "த டோர் ஓப்பன்ட்" என்றால் நாம் அசரத் தேவையில்லை.)

இதைப் படித்துவிட்டுப் பாசிவே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டுகிறதே என்று எல்லாவற்றையும் மாற்றுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அது முக்கியமில்லாதபோதும் பாசிவ்தான் சரி. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது என்றால் போதும். ரிப்பன் வெட்டியவர் யார் என்பது அங்கே வேண்டாம். "டூ ஒர்க்கர்ஸ் வேர் இன்ஜர்ட்" என்பதும் நல்ல வாக்கியம், அங்கே முதலில் தெரிய வேண்டியது அடிபட்டவர்களைப் பற்றித்தான்.

டெக்னிக்கல் ரிப்போர்ட் என்றாலே பாசிவ்தான் என்பது இன்ஜினியர்களின் மூடநம்பிக்கை. டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதன் முதல் வாக்கியமே 'வி' (நாங்கள்) என்றுதான் தொடங்குகிறது.

எனக்கு உண்மையில் பயம் வருவது டூட்டி ஹேண்ட் ஓவர் நோட்டைப் பார்க்கும்போது. "வால்வ் டு பி செக்ட்." யார் செக் பண்ண வேண்டும்? போகிறவரா, வருகிறவரா, மெயின்டனன்ஸா? மூன்று பேரும் மற்ற இருவரை நினைத்துக்கொள்வார்கள். "வால்வ் இஸ் குளோஸ்ட்" என்றால் இப்போது மூடியிருக்கிறதா, இல்லை, வழக்கமாக மூடுவார்கள் என்கிறதா? 1988-இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளம் எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த தகவல், இரவு ஷிஃப்டில் அந்தப் பம்பை ஓட்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே குற்றவாளி இலக்கணம் இல்லை. ஆனால் ஷிஃப்ட் மாறும்போது தகவல் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

மேலிடத்துக்குப் பாசிவ் பிடிப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டியபோது அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரி உரையில் சொன்னது: "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்." தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தது என்பது வாக்கியத்தில் இல்லை. உங்கள் மேலதிகாரி "டிலே வாஸ் காஸ்ட்" (தாமதம் ஏற்படுத்தப்பட்டது) என்று மெயில் போட்டால், அதை இலக்கணப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? எழுதிய வாக்கியத்தில் ஆம், இஸ், வாஸ், வேர் இருந்தால் அதற்கடுத்த சொல்லைப் பாருங்கள். வி-3 என்றால், முதலில் நிற்கும் ஆள் அந்தச் செயலைச் செய்தாரா, வாங்கிக்கொண்டாரா என்று கேளுங்கள். செய்தவர் என்றால் அந்த 'வாஸ்' போகட்டும். வேலை சொல்லும் இடத்தில் ஆளின் பெயரையோ பதவியையோ போட்டே ஆகுங்கள்: "நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் மஸ்ட் குளோஸ் த வால்வ்." நோட்டீஸில் "ஹெல்மெட்ஸ் ஷுட் பி வோர்ன்" வேண்டாம், "வேர் யுவர் ஹெல்மெட்" போதும். மெமோவுக்குப் பதில் எழுதும்போது முதலில் தமிழில் எழுதுங்கள், தயவுசெய்து. நின்றதா நிறுத்தினேனா என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாக் புக்கில் இப்படி ஒரு 'வாஸ்' கண்ணில் பட்டால் மெமோ அடிப்பதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டு, "என்னப்பா நடந்துச்சு?" என்று தமிழில் கேளுங்கள். கம்பெனி விதி இடம் கொடுத்தால், பிரேக்டவுன் குறிப்பை அவர் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் மாற்றும் வேலையைப் பகல் ஷிஃப்டில் யாராவது பார்த்துக்கொள்ளலாம்.