சூரியப் புயலுக்குப் பயந்து போனை அணைக்காதீர்கள்

"இன்று நள்ளிரவு சூரியப் புயல் கடக்கிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருக்கிறார். அதை நம்பி எல்லா போனையும் அணைத்து பீரோவில் வைத்துவிட்டார்கள். நடுராத்திரி அவருக்கு மூச்சுத் திணறியபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்து, அது ஆன் ஆகும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

பூமியின் காந்தப்புலத்தை அளப்பது என் வேலை. அதனால் கணக்காகவே சொல்கிறேன். தென்னிந்தியாவில் அந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 2024 மே 10, 11 தேதிகளில் அடித்தது இருபது ஆண்டுகளில் மிகப் பெரிய காந்தப் புயல். லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அப்போதும் பூமத்தியரேகைக்குப் பக்கத்து நிலையங்களில் புலத்தில் ஏற்பட்ட சரிவு சுமார் 400 நானோடெஸ்லாதான். நூற்றில் ஒரு பங்கு. உங்கள் போன் ஸ்பீக்கரில் இருக்கும் குட்டிக் காந்தம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதைவிடப் பல மடங்கு வலுவானது. பேஸ்மேக்கருக்கு மேலே சட்டைப்பையில் போனை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்வது போனை நினைத்துத்தான், சூரியனை நினைத்து அல்ல. சூரியக் காற்றின் துகள்கள் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. போன் வெடிக்காது, உடம்பு சுடாது.

இன்னொன்று, அந்தச் செய்திகளில் இத்தனை மணிக்குப் புயல் வரும் என்று நேரம் போட்டிருக்கும். அது ஒன்றே போதும், பொய் என்று சொல்ல. சூரியனிலிருந்து கிளம்பிய மின்துகள் மேகம் எப்போது வந்து சேரும் என்ற கணிப்பே பல மணி நேரம் முன்பின் ஆகும். வந்து மோதினாலும், விளைவு அது சுமந்து வரும் காந்தப்புலத்தின் திசையைப் பொறுத்தது. வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் நம் காந்தக்கோடுகளோடு இணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். அந்தத் திசையை உறுதியாகச் சொல்ல, 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைக் கவனிக்கும், நம் நாட்டின் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அது தொட வேண்டும். அங்கிருந்து இங்கே வர அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். இரண்டு நாள் முன்பே யாராலும் நேரம் குறிக்க முடியாது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். 1989 மார்ச் 13 அன்று காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது. 2022 பிப்ரவரியில், பெரிதாகச் சொல்ல முடியாத ஒரு புயலில் மேல் வளிமண்டலம் உப்பி, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. 2024 மே புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் வைத்து விதைக்கும் டிராக்டர்கள் வயலிலேயே நின்றன.

நம் பக்கம் கவனிக்க வேண்டியதும் ஜிபிஎஸ்தான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் தலைக்கு மேலுள்ள அயனிமண்டலம் (ஜிபிஎஸ் சிக்னல் கடந்து வரும், மின்துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு) ஏற்கெனவே அமைதியில்லாதது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் புயல் இல்லாமலேயே இருட்டிய பிறகு சிக்னல் தடுமாறும். ட்ரோன் ஓட்டுபவர்கள், ஆர்டிகே கருவியால் (ஜிபிஎஸ்ஸைச் சில சென்டிமீட்டர் துல்லியத்துக்குத் திருத்தும் கருவி) நிலம் அளப்பவர்கள் தயவுசெய்து காலையில் கேபி எண்ணைப் (காந்தப் புயலின் வலுவை 0 முதல் 9 வரை காட்டும் எண்) பாருங்கள். அது 7ஐத் தாண்டினால் அன்றைய அளவை அமைதியான ஒரு நாளில் திரும்ப எடுங்கள். இடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது என்று திரையில் 'ஃபிக்ஸ்' காட்டியதை மட்டும் நம்பி எல்லைக்கல் நடாதீர்கள்.