கடல் ஒளிர்ந்தால், மறுநாள் காலையிலும் போய்ப் பாருங்கள்

அலை உடையும் இடமெல்லாம் நீலமாக மின்னும் இரவுகளில் என் கைப்பேசி ஓயாது. "கடலில் கெமிக்கல் ஏதாவது கலந்துவிட்டதா?" என்பதுதான் முதல் கேள்வி. பிளாங்க்டன் எனப்படும் மிதவை உயிரிகளை ஆராய்வது என் வேலை. உடனே போய் ஒரு வாளி நீர் மொண்டு, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைப்பேன். சிறுசிறு உருண்டைகள் மேலே வந்து மிதந்தால், அநேகமாக அது நாக்டிலூகா.

ஒரே செல்தான். ஆனாலும் 2 மில்லிமீட்டர் வரை வளர்வதால் வெறுங்கண்ணுக்கே தெரியும். நீர் அசைந்ததும் செல்லுக்குள் இருக்கும் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள், ஒரு நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒளி விடுகிறது. ஒரு மினுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் இருந்தால் அதிகம். தின்ன வரும் சிற்றுயிரைத் திடுக்கிட வைக்க இது உதவுவதாகக் கருதுகிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

பாற்கடல் என்றால் நமக்குப் புராணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடல் முழுக்க வெள்ளையாக, மினுக்காமல் ஒளிர்வதை மாலுமிகள் உண்மையிலேயே பார்த்திருக்கிறார்கள். அது பாக்டீரியாக்களின் வேலை. 1995இல் சோமாலியாவுக்கு அப்பால் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இப்படி ஒளிர்ந்தது செயற்கைக்கோள் படத்திலேயே பதிவானது.

சரி, ஆபத்து உண்டா? வெளிச்சத்தால் இல்லை. நாக்டிலூகா அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் எனக்குக் கவலை. அதன் உடலில் அம்மோனியா சேர்ந்திருக்கும். கூட்டமாகச் செத்து அழுகினால் அம்மோனியா நீரில் கலக்கும், ஆக்சிஜனும் குறையும், மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். கழிவுநீரும் உரமும் கடலில் சேர்வது இப்படிப்பட்ட பெருக்கத்துக்குத் தீனி போடுகிறது.

நீர் செம்மண் கரைத்தது போல இருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, மீன் செத்து ஒதுங்கினாலோ இறங்காதீர்கள். அங்கே மட்டி, சிப்பி பொறுக்கவே வேண்டாம். நாக்டிலூகாவின் உறவுக்கார உயிரிகள் சிலவற்றின் நஞ்சு சிப்பிக்குள் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சிப்பி சாப்பிட்டபின் உதடு மரத்துப்போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எனக்கு வருவதெல்லாம் இரவுப் படங்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் நீரின் நிறம் தெரிய ஒரு படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, அருகிலுள்ள கடல் ஆய்வு மையத்துக்கு அனுப்புங்கள். எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று அந்தப் பகல் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.