பொங்கல் மிஞ்சினால் மானுக்கா போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வனத்துறையிலிருந்து போன். முதுமலையில் தெப்பக்காடு தாண்டிச் சாலையோரம் ஒரு புள்ளிமான் செத்துக் கிடக்கிறது, கால்நடை மருத்துவர் என்பதால் உடற்கூறாய்வுக்கு நான் வர வேண்டும் என்றார்கள். வண்டி மோதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வயிறு மட்டும் இடது பக்கம் உப்பிக் கிடந்தது. பெருவயிற்றை, அதாவது அசைபோடும் பிராணிகளின் இரைப்பையில் முதல் அறையை, கீறியதும் புளித்த மாவு வாடை மூக்கில் ஏறியது. ஊறிப்போன சோறு, பிரெட், அதோடு ஒரு பாலித்தீன் கவர். கவருக்குள் இன்னொரு கவர், வாயில் போட்ட ரப்பர் பேண்டுகூட அவிழாமல். யாரோ வீட்டிலிருந்து பாசமாகக் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம். இந்தக் கோடையில் எனக்கு இது மூன்றாவது.

ஊட்டி பார்த்துவிட்டு முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் குடும்பங்களோடு சாலையில் நின்று சண்டை போட்டே ஓய்ந்துவிட்டேன். எப்போதும் ஒரே பதில்தான்: "பாவம் மேடம், பசியோட நிக்குது."

பசியோடு நிற்கவில்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு விலங்கு தெரிய வேண்டும் என்று சாலையின் இரண்டு பக்கமும் புதரை வெட்டி வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் இளம்புல் துளிர்க்கிறது. உண்ணிச்செடி மண்டிய உள்காட்டைவிட மானுக்கு அங்கே மேய வசதி, புலியும் சிறுத்தையும் பதுங்கி வர மறைவும் இல்லை. அதற்காக வந்து நிற்கிறது. அது மேய்கிற இடத்தில் போய் வண்டியை நிறுத்தியது நீங்கள்.

சரி, ஒரு பிஸ்கட்டில் என்ன ஆகிவிடும் என்பீர்கள். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பாசத்தில் ஒரு பானைப் பொங்கலையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, அது அசைபோடாமல் படுத்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். சோறும் வெல்லமும் பெருவயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்திலேயே சாகும். மாடாக இருந்தால் ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றி, சலைன் ஏற்றி எழுப்பிவிடப் பார்ப்போம். மானுக்கு யார் ஊற்றுவது? பிடித்துக் கட்டினாலே பயத்தில் உயிரை விடுகிற பிராணி அது. அப்புறம், நீங்கள் போட்டது ஒரு பிஸ்கட்தான். உங்களுக்குப் பின்னால் வந்த நாற்பது கார்க்காரர்களும் அதே கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

கவர் கதை வேறு. உப்பு ருசிக்குக் கவரோடு விழுங்கிவிடும். பெருவயிற்றைத் தாண்டி மேற்கொண்டு போகும் வழி குறுகல் என்பதால் அது அங்கேயே பந்தாகச் சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், மான் எலும்பும் தோலுமாகிக்கொண்டே போகும். ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் குப்பை போடக் காரில் ஒரு பை மாட்டத் தெரியாதா?

குரங்குக்குப் போட்டால் ஆஞ்சநேயருக்கே போட்ட மாதிரி என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபீஸ் தடுப்பூசி. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்துக்குள்ளேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் தேவை, டாக்டரிடம் கேளுங்கள். "மைசூர் பேலஸைப் பார்த்துட்டு ஊருக்குப் போய்ப் போட்டுக்கிறோம்" என்று ஒரு குடும்பம் என்னிடமே சொன்னது. பையன் கையில் பல் பதிந்திருந்தது.

யானைக்கு வருவோம். சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லாரியை மறிக்கும் யானைகளை வீடியோவில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். லாரிக்காரர்கள் வீசிப் போட்ட கரும்பில் வந்த பழக்கம் அது. சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள். முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். யானை திரும்பினால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் அந்த வண்டிக்காரர், பின்னால் நீங்கள் அடைத்துக்கொண்டு நின்றால் எங்கே போவார்? 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் செல்ஃபி எடுக்கப் போனவர் யானையின் காலடியில் விழுந்து பிழைத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டது. என்னைக் கேட்டால் மலிவு.

முதுமலை, பந்திப்பூர் பாதையை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள், பந்திப்பூரில் 2009-லிருந்து இதுதான் நடைமுறை. அது தெரிந்திருப்பதால்தான் 8 மணிக்கு மேல் எல்லோரும் பறக்கிறார்கள், கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டுமாம். எனக்கு அடிபட்ட மான் என்று போன் வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். கும்பிட்டுக் கேட்கிறேன், நேரமாகிவிட்டால் இந்தப் பக்கம் கூடலூரிலோ அந்தப் பக்கம் குண்டலுப்பேட்டையிலோ ரூம் போட்டுத் தங்குங்கள். காலையில் கேட் திறந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் போனால் குழந்தைகளுக்கு நிறையவே தெரியும். ஒரு மான் சாலையைத் தாண்டிப் போய்விட்டது என்று உடனே ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். பின்னாலேயே நாலைந்து வரும்.