மியூச்சுவல் எய்ட்: உதவியா, ஒப்புரவா?

அக்கம்பக்கத்தார் கூடி, இருப்பதைப் பகிர்ந்துகொள்வது, நோயில் படுத்தவரை முறைவைத்துப் பார்த்துக்கொள்வது, எதை யாருக்கு முதலில் செய்வது என்று சேர்ந்தே முடிவெடுப்பது. இதைத்தான் 'மியூச்சுவல் எய்ட்' என்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது பல நாடுகளில் இந்தப் பெயரிலேயே குழுக்கள் முளைத்தன. தமிழில் 'பரஸ்பர உதவி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. பரஸ்பரம் வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 'உதவி' என்றதுமே கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று மனம் படம் போட்டுவிடுகிறது.

இந்தத் தொடரைப் பரவலாக்கியவர் ரஷ்ய அறிஞர் பீட்டர் குரோபோட்கின். 1890 முதல் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1902இல் நூலாக்கினார். உயிர்கள் பிழைத்து வந்ததற்குப் போட்டி மட்டும் காரணமல்ல, ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்ததும் காரணம் என்பது அவர் வாதம்.

மியூச்சுவல் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. மாறுவதைக் குறிக்கும் 'மூத்தாரே' என்ற வினையின் உறவு அது. ரோமானியச் சட்டத்தில் 'மூத்துவும்' என்று ஒரு கடன் இருந்தது. தானியமோ எண்ணெயோ காசோ வாங்கினால், அதே வகையில் அதே அளவைத் திருப்பித் தர வேண்டும். வட்டி அதில் சேராது; வேண்டுமென்றால் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 'குறியெதிர்ப்பை'. அளவு குறித்து வாங்கி, அதே அளவு எதிர்கொடுப்பது என்று பொருள். புறநானூறு 163இல் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், தாம் பெற்றுவந்த பரிசிலை யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லும்போது, குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் மறக்காமல் சேர்க்கிறார். இன்று பேச்சில் 'கைமாத்து' என்று சொல்கிறோமே, கைமாற்று, அது இதற்கு மிக நெருக்கம். லத்தீன்காரரும் மாறுவதிலிருந்துதான் சொல் எடுத்தார், நாமும் கை மாறுவதிலிருந்துதான் எடுத்தோம்.

சரி, அப்படியானால் மியூச்சுவல் எய்டைக் குறியெதிர்ப்பை என்றே சொல்லிவிடலாமா? கூடாது. அதில் கணக்கு இருக்கிறது. இரண்டு வாரம் நான் உங்கள் தாயாருக்குத் துணையாக இருந்தேன் என்றால், நீங்களும் எனக்கு இரண்டு வாரம் தர வேண்டும் என்றாகிவிடும். அடுத்தடுத்து வாழ்கிறவர்களுக்கு இடையே பரிவு அப்படி ஓடுவதில்லை. நான் உங்களுக்குச் செய்தது, வேறொருவர் வழியாக, வேறொரு நாளில், வேறொரு வடிவில் எனக்கு வரும், வராமலும் போகலாம்.

இங்கேதான் வள்ளுவர் கைகொடுக்கிறார். 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்று 221ஆம் குறளில் வரம்பு கட்டுகிறார். ஒப்புரவோ, அதாவது எல்லாரையும் ஒத்தவராக எண்ணி ஊரோடு பகிர்ந்து வாழ்வது, இரண்டிலும் அடங்காது. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று கேட்டுத்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்று அடுக்குகிறார். ஊருணியில் நீர் மொள்பவர் யாரிடமும் நன்றி சொல்லிக் குனிவதில்லை. ஔவையாரும் ஆத்திசூடியில் 'ஐயமிட்டுண்' என்று சொன்ன பிறகு, தனியாக 'ஒப்புரவொழுகு' என்கிறார்.

ஒப்புரவின் அடி 'ஒ'. ஒத்தல், ஒப்பு, ஒப்புமை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 'ஒத்தது அறிவான் உயிர்வாழ்வான்' என்ற 214ஆம் குறளிலும் அதுவே பேசுகிறது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஒப்புரவை உலகநடை என்கிறார். நூலைப் பார்த்துச் செய்வதல்ல, தாமே அறிந்து செய்வது. 'அறிதல்' என்று அதிகாரத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்கிறார். பக்கத்து வீட்டில் இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை என்று கவனிப்பதற்கு எந்தச் சட்டப்புத்தகமும் வேண்டாம்.

பொருளும் பரிவும் மட்டுமல்ல, செல்வாக்கும் இதில் அடங்கும் என்று நான் கருதுகிறேன். செல்வாக்கு என்பது செல்லும் வாக்கு. யார் பேச்சு எடுபடுகிறது என்பதுதான் விஷயம். அதிகம் கொடுத்தவர் பேச்சே எப்போதும் செல்லுமானால் அங்கே பொருள் பகிரப்பட்டிருக்கும், ஒப்பு வந்திருக்காது. வாங்குகிறவரும் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். 'உதவி' என்ற சொல்லால் இதைத் தாங்க முடியாது; 'ஒப்புரவு' தாங்கும். அதனால் மியூச்சுவல் எய்டுக்கு அதுவே என் சொல்.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்றால் பிணக்கு நீங்கி மீண்டும் உறவாவது; பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் சடங்கைக் குறிக்கும் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்பது அங்கே நிலைபெற்ற தொடர். படிப்பவர் குழம்புவார் என்று தோன்றும் இடத்தில் 'ஊர் ஒப்புரவு' என்றோ, அப்படிச் சேர்ந்து இயங்குவோரை 'ஒப்புரவுக் குழு' என்றோ எழுதலாம்.