எச்சரிக்கைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய முடிவு

1985 நவம்பர் 13 அன்று பிற்பகலில், கொலம்பியாவின் ஆர்மேரோ நகரத்தின் மேல் எரிமலைச் சாம்பல் விழத் தொடங்கியது. பதற்றப்பட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று வானொலியிலும் தேவாலய ஒலிபெருக்கியிலும் மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு 9 மணி கடந்த சில நிமிடங்களில் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை சீறியது. அதன் உச்சியில் இருந்த பனியில் ஒரு பகுதி உருகி, சரிவின் மண்ணையும் பாறைகளையும் வாரிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து அந்தச் சேற்றுவெள்ளம் ஆர்மேரோவை மூடியது. அந்த ஒரு நகரில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நகரை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தை நடந்தே அடைந்துவிட இரண்டரை மணி நேரம் தாராளமாகப் போதும். சேறு எந்த வழியாக வரும் என்பதும் அறிவியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எரிமலை சீறுவதற்கு ஒரு மாதம் முன்பே அபாய வரைபடம் ஒன்று தயாராகியிருந்தது. அதில் ஆர்மேரோ அபாயப் பகுதிக்குள்தான் குறிக்கப்பட்டிருந்தது. சாம்பல் விழுந்தால் யார் உத்தரவிடுவது, மக்கள் எந்த வழியாக எங்கே போவது என்ற முடிவுதான் யாராலும் எடுத்து வைக்கப்படவில்லை. பேரிடர் ஆயத்தம் என்றவுடன் கருவிகளும் செயற்கைக்கோள்களும் மீட்புப் படைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். எனினும், ஆபத்து நெருங்கும்போது செய்ய வேண்டியதை ஆபத்து இல்லாத நாளிலேயே தீர்மானித்து வைப்பதுதான் ஆயத்தத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். அந்தத் தீர்மானத்தை எங்கே வைப்பது என்பதை, ஒவ்வொரு பேரிடரும் நமக்குத் தரும் கால அவகாசமே முடிவு செய்கிறது.

நிலநடுக்கம் தருவது நொடிகள் மட்டுமே. பாறை உடையும்போது இரண்டு வகை அதிர்வலைகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. முதன்மை அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பொதுவாக லேசாக உலுக்கிவிட்டுப் போகிறது. கட்டடங்களைச் சாய்க்கும் இரண்டாம் அலை நொடிக்கு 3.5 கிலோமீட்டர் அளவில் பின்னால் வருகிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவே கிடைப்பது பன்னிரண்டு நொடி. நிலநடுக்க மையத்துக்கு அருகிலேயே கருவிகளைப் புதைத்து வைத்து, அவை உணர்ந்ததை மின்காந்த அலைகளின் வேகத்தில் நகரங்களுக்கு அனுப்பினால் அவகாசம் இன்னும் கூடும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பசிபிக் கடற்கரையில் பூமி அதிர்ந்தால், மெக்சிகோ நகரத்துக்கு ஒரு நிமிடம் வரை கிடைக்கிறது. 1985 நிலநடுக்கத்தில் பட்ட அடிக்குப் பிறகு அமைக்கப்பட்ட எச்சரிக்கை அமைப்பு அங்கே 1991 முதல் இயங்கி வருகிறது. 2017 செப்டம்பர் 19 அன்று காலை நாடு முழுவதும் ஒத்திகை நடந்து, இரண்டு மணி நேரம் கடந்த சிறிது நேரத்தில் உண்மையான நிலநடுக்கமே வந்துவிட்டது. அன்று மையம் நகரத்துக்கு அருகில் இருந்ததால், எச்சரிக்கை ஒலியும் அதிர்வும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

நொடிகளில் மனிதர்கள் கூடிப் பேச முடியாது. ஆகவே நிலநடுக்கத்துக்கான முடிவை இயந்திரங்களுக்குள்ளும் கட்டடங்களுக்குள்ளும் வைத்துவிட வேண்டும். அதிவேக ரயில் தானே பிரேக் போட வேண்டும். எரிவாயுக் குழாய் தானே மூடிக்கொள்ள வேண்டும். தூணுக்குள் இருக்கும் கம்பி, வளைந்து கொடுத்தாலும் அறுந்து போகாத வகையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். 2010 ஜனவரியில் ஹைட்டியைத் தாக்கிய நிலநடுக்கம் 7.0 அளவு கொண்டது. அடுத்த மாதம் சிலியைத் தாக்கியது 8.8. வெளிப்பட்ட ஆற்றலில் சிலியுடையது ஏறத்தாழ 500 மடங்கு பெரியது. ஆனால் சிலியில் இறந்தோர் சுமார் 500 பேர். ஹைட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஹைட்டியில் அதிர்வின் மையம் தலைநகருக்கு மிக அருகில் இருந்ததும் ஒரு காரணம். இருந்தாலும், 1960இல் உலகம் அளந்தவற்றிலேயே பெரிய நிலநடுக்கத்தைக் கண்ட சிலி, கட்டட விதிகளை வகுத்து அவற்றைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியதை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

சுனாமி தருவது நிமிடங்கள், சில இடங்களில் மணிகள். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. அலை வந்து சேர இரண்டு மணி நேரம் ஆன கரைகளில்கூட மக்கள் ஏதும் அறியாமல் நின்றிருந்தார்கள். அதே நாளில், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவை முதல் அலை சுமார் பத்து நிமிடத்தில் எட்டிவிட்டது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1907இல் அங்கே வந்த சுனாமியைத் தீவு மக்கள் ‘ஸ்மோங்’ என்ற பெயரோடு தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்திருந்தனர்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு. பத்து நிமிடத்தில் அவர்கள் செய்தது, 97 ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

புயல் நாள்கணக்கில் அவகாசம் தருகிறது. அதனால் தயக்கத்துக்கும் இடம் தருகிறது. இங்கேதான் ஒரு எளிய கணக்கு உதவும். ஒரு கடலோரப் பகுதியைக் காலி செய்ய ஒரு பங்கு செலவாகும், காலி செய்யாதபோது புயல் தாக்கினால் இருபது பங்கு இழப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். புயல் அங்கே வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினாலே வெளியேற்றுவது சரியான முடிவாகிவிடுகிறது. வாய்ப்பு 10 விழுக்காடாக இருக்கும்போதெல்லாம் வெளியேற்றினால், பத்தில் ஒன்பது முறை மக்கள் வெறுமனே போய்த் திரும்பியிருப்பார்கள். ஆனாலும் பத்து முறைக்கும் ஆன செலவு பத்துப் பங்கு, ஒருமுறை தவிர்த்த இழப்போ இருபது பங்கு. உயிர்களைப் பங்குகளால் அளக்க முடியாது என்பதால் உண்மையான வரம்பு இதைவிடவும் தாழ்வாகவே இருக்க வேண்டும். ஆனால், புயல் வராத அந்த ஒன்பது முறைக்கும் பழி ஒரு அதிகாரியின் தலையில் விழும் என்றால், அவர் இன்னும் உறுதியான தகவலுக்காகக் காத்திருப்பார். ஆர்மேரோவில் நேர்ந்ததும் இத்தகைய தயக்கமே. எத்தனை விழுக்காட்டில் எந்த உத்தரவு என்பதை விதியாகவே எழுதி, அதற்கான பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டால், அந்தச் சுமை தனியொருவர் தோளிலிருந்து இறங்குகிறது.

உத்தரவு போட்டாலும் மக்கள் கிளம்ப வேண்டுமே. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தனர். 1972இல் அந்நாடு புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்திலேயே வாழும் தன்னார்வலர்கள், அபாயம் ஏற ஏற ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என ஏற்றி, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். 1991 புயலில் மீண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மக்கள் ஏன் வெளியேறவில்லை என்ற கேள்வி எழுந்தது. மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது, அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் பெண்கள் எப்படித் தங்குவது என்பவை அதற்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானவை. அதற்கேற்பக் கால்நடைகளை ஏற்றி நிறுத்த மண்மேடுகள் எழுந்தன. பெண்களுக்குத் தனி அறைகளும் கழிப்பறைகளும் கொண்ட பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. பெண் தன்னார்வலர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். சாதாரண நாள்களில் அம்மையங்களில் பல பள்ளிகளாக இயங்குவதால், அங்கே போகும் வழி குழந்தைகளுக்குத் தினமும் நடந்து பழகிய வழியாகவே இருக்கிறது. 2020 மே மாதத்தில், கொரோனா பரவல் நடுவே அம்பன் புயல் வந்தபோது, நெரிசலைக் குறைக்கக் கூடுதல் பள்ளிகளும் திறந்துவிடப்பட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கெல்லாம் சென்று தங்கினர். அந்நாட்டில் அப்புயலுக்கு இறந்தவர்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை.