உயர்மலை நோய்: ஒரு சொல் விளக்கம்

சேலம் அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கும்போது உப்பிப் போயிருக்கும். பாதி மலையில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் பஸ்ஸில் யாராவது ஒருவர் ஜன்னலோரம் இடம் கேட்டு மாறியிருப்பார், கையில் எலுமிச்சம்பழத்தோடு. ‘எனக்கு மலை ஒத்துக்காதுங்க’ என்று இந்தப் பக்கம் சொல்வது இதைத்தான். அதே ஆள் கேதார்நாத் யாத்திரைக்குப் பேர் கொடுக்கும்போது, ‘ஏற்காட்டுக்கே எனக்கு வாந்தி வருதுங்கண்ணா, அங்கெல்லாம் ஆல்டிட்யூட் சிக்னஸ் வந்துருமாமே?’ என்று டூர்காரரிடம் கேட்கிறார். அவரோ, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்கம்மா, கற்பூரத்த மோந்துக்கிட்டே வாங்க’ என்கிறார். கேள்வியிலும் பிசகு, பதிலிலும் பிசகு.

வளைவில் வரும் குமட்டல் பயண வாந்தி. கண் ஒன்று சொல்ல, உட்காது வேறொன்று சொல்ல, மூளை தடுமாறுவதால் வருவது. மலையே இல்லாத கடலிலும் வரும். காது அடைப்பதும் பாக்கெட் உப்புவதும் காற்றழுத்தம் குறைவதால். ஆல்டிட்யூட் சிக்னஸ் இரண்டிலும் சேராது. அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து, உடம்பு அதற்குப் பழகுமுன் இன்னும் மேலே போய்விடுவதால் வருவது அது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் அதன் ஆட்டம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 சொச்சம், சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போனாலும் 1,600 சொச்சம்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கேயும் யாரும் ராத்தங்குவதில்லை.

நமக்கு வெற்பு, பொருப்பு, வரை, சிலம்பு, ஓங்கல் என்று மலைக்கே அத்தனை பெயர் இருந்தும் இந்த நோய்க்குப் பழம்பெயர் வழங்காததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் மலைகளில் அதற்கு வேலையில்லை. அனுபவித்த ஊர்க்காரர்கள் அவரவர் பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீனக் குறிப்பு ஒன்று மேற்கே போகும் வழியில் ‘பெரிய தலைவலி மலை’, ‘சின்னத் தலைவலி மலை’ என இரண்டைச் சொல்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் ‘சொரோச்சே’. அந்தச் சொல் உலோகத் தாதுவையும் குறிக்கும். தாதுவிலிருந்து கிளம்பும் ஆவிதான் ஆளைச் சாய்க்கிறது என்று நம்பினார்கள். இமயமலைப் பக்கம் கணவாய்க் காற்றில் விஷம் என்றார்கள். நேபாளிகள் இன்றும் ‘லேக் லாக்யோ’ என்கிறார்கள்: மேட்டுமலை பிடித்துக்கொண்டது என்று பொருள். நம் ஊரில் ‘காத்துக் கருப்பு’ பட்டுவிட்டது என்பார்களே, அந்த வாடை.

காற்றில் எதுவும் கலக்கவில்லை, காற்றே மெலிந்திருக்கிறது என்பதை ஆண்டீஸைக் கடந்த ஸ்பானியப் பாதிரியார் அகோஸ்தா 1590-லேயே எழுதிவிட்டார். குறைவது ஆக்சிஜனின் அழுத்தம் என்று சோதனைகளால் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட், 1878-இல். ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான், சேலத்திலும் லடாக்கிலும். ஆனால் 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. 5,500 மீட்டரில் பாதி.

இந்த நோயைப் பற்றிய ஆய்வில் இந்தியாவுக்கும் பெரிய இடம் உண்டு. சீன எல்லைக்கு அவசரமாக ஏற்றப்பட்ட ராணுவ வீரர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். அவர்களில் 1,925 பேரை ஆராய்ந்து மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் எழுதிய கட்டுரை 1969-இல் வெளிவந்தது. கட்டுமஸ்தான சிப்பாய்களே படுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடற்பயிற்சி இந்த நோயைத் தடுக்காது. ‘நான் ஜிம்முக்குப் போறவன்’ என்று முதல் நாளே ஓடிப்போய் மேலே நிற்கும் இளவட்டம் பலமுறை முதலில் விழுகிறது.

இனி நம் சொல். ஆல்டிட்யூட் என்பது உயரம் என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல்லின் வழி வந்தது. தமிழில் ‘குத்துயரம்’ என்கிறார்கள். அளவைப் பாடத்துக்குச் சரி. ஆனால் ‘குத்துயர நோய்’ என்று வேகமாகப் படித்தால் நடுவில் துயரம்தான் கண்ணில் படுகிறது. ‘உயர நோய்’ என்றால் ஔவையின் ‘வரப்புயர’ மாதிரி, நோய் உயர வேண்டுமென்று வாழ்த்துவதுபோல் இருக்கிறது. ‘மலைநோய்’ மலைக்காய்ச்சலோடு, அதாவது மலேரியாவோடு, குழம்பும். ‘உயர ஒவ்வாமை’ கேட்க நன்றாக இருந்தாலும் ஆபத்து: ஒவ்வாமை இன்றைக்கு அலர்ஜிக்கு நிலைத்துவிட்டதால், ‘என் உடம்புவாகு அப்படி’ என்று சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவார்கள். என் ஓட்டு ‘உயர்மலை நோய்’க்கு. எந்த இடத்தில் வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஏற்காட்டு வாந்தி அதில் சேராது என்பதும் தெரிகிறது.

அதன் கடுமையான வடிவங்கள் இரண்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘நுரையீரல்ல நீர் கோத்துருச்சு’ என்று நாம் சொல்வதே போதும்: நுரையீரல் நீர்க்கோப்பு. மற்றது மூளை வீக்கம்.

லேசான வடிவம் போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். தலைவலி, பசியின்மை, குமட்டல், சோர்வு, தூக்கம் பிடிக்காமை; குடித்த மறுநாள் காலை போல. 3,583 மீட்டரில் இருக்கும் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் போய்த் தரிசனம் முடித்து உடனே இறங்குகிறவர் தப்பிவிடுவதும், அங்கேயே ராத்தங்குகிறவர் நடுச்சாமத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் இதனால்தான். டெல்லியிலிருந்து ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் லேயில் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாவேதான்: கடைவீதி சுற்றுவதும் கூடாது, பாங்காங் ஏரிக்குக் கார் பிடிப்பதும் கூடாது.

3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கிப் போவது நல்லது. பகலில் மேலே போய்விட்டு வரலாம், இரவில் இறங்கிப் படுக்க வேண்டும். சாராயமும் தூக்க மாத்திரையும் ஆகாது. கற்பூரம் மூக்கைத் திறந்துவிட்டதுபோல் காட்டும், ஆக்சிஜனை ஒரு துளி கூட்டாது. அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்மையிலேயே உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கி. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து சேராதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருப்பதால், ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்பர் கயிலைக்குப் போன கதை தெரியும். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் விடாதவரை முனிவர் வடிவில் வந்து தடுத்த ஈசன், மனித உடம்போடு அங்கே போகலாகாது என்று சொல்லிக் குளத்தில் மூழ்கச் செய்து, காவிரிக்கரைத் திருவையாற்றில் எழுப்பினார். முற்றிவிட்ட உயர்மலை நோய்க்கு இன்றும் முதல் வைத்தியம் அதுதான்: ஆளைக் கீழே இறக்குவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலும், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலும் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் மூளை வீங்குகிறது. காலை விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே, ஆயிரம் மீட்டராவது இறக்கிவிட வேண்டும். கூட ஒருவர் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் நோய் முற்றியவருக்குத் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.